ஒன்றரைக்குப் போன மகள்

அந்த வீட்டில் நாடுகளுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தான். பெரியவன் எண்பத்தெட்டில் இருக்கிறான், அத்தை மகள் முப்பதில் குடித்தனம் நடத்துகிறாள், பக்கத்து வீட்டுக்காரர் பதினேழுக்குப் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார் என்றுதான் பேச்சு ஓடும். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு ஏதோ பஸ் நம்பரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றும். விஷயம் அதுவல்ல. ஒரு நாட்டில் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், அதில் எத்தனை பேர் வேறு நாட்டில் பிறந்து அங்கே வந்தவர்கள்? அதுதான் அந்த நாட்டின் எண்.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவர் வீட்டுக்காரர். அவருக்கு வேலை, அட்லஸ் அடிக்கிற அச்சகத்தில். மெய்ப்புத் தாளை விளக்கடியில் விரித்து, லென்ஸை மேலே வைத்து, எந்த நாட்டுக்கு எந்தச் சாயம் விழுந்திருக்கிறது, எதிர்ப் பக்கத்தில் இருக்கிற எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சகத்தில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. ‘சதவீதம்’ என்பார்கள். "சதவீதம் சாப்பிடப் போயாச்சா?" என்று மெஷின்காரர் சத்தம் போட்டுக் கேட்பார். இவருக்குக் கோபம் வருமா? ம்ஹூம். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அட்லஸில் மழைக்கு ஒரு பக்கம், மலைக்கு ஒரு பக்கம், மாட்டுக்கு ஒரு பக்கம் என்று இருந்தாலும் சதவீதத்துக்கு உயிர் ஒரே பக்கத்தில்தான். வெளியே பிறந்தவர்களின் பங்கு எந்த நாட்டில் எவ்வளவு என்று நீலத்தில் காட்டுகிற பக்கம். பங்கு ஏற ஏற நீலம் அழுத்தமாகும். எண்பத்தெட்டு கிட்டத்தட்டக் கறுப்பு. குறையக் குறைய வெளுத்துக்கொண்டே வந்து, கடைசிப் படியில் சாயமே இல்லாமல் வெறும் காகிதமாக நின்றுவிடும். முதலில் அவரும் பிறகு மனைவியும் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது இது நான்கு. இன்றைக்குப் பன்னிரண்டு. "இந்த நீலத்துல ரெண்டு சொட்டு நாம" என்று புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் வீட்டுக்கு எடுத்து வந்து காட்டுவார். "அங்க அடுப்புல பால் பொங்குது, அந்தச் சொட்டைப் போய்ப் பாருங்க முதல்ல" என்பாள் மனைவி.

இப்பேர்ப்பட்ட மனுஷனின் மகள் போயும் போயும் ஒன்றரையில் வேலை தேடிக்கொண்டால் அவர் என்னதான் செய்வார்?

சின்னவளுக்குத் தொழில் பல் செய்வது. பல்லைப் பிடுங்குகிற டாக்டர் இல்லை அவள். டாக்டர் பிடுங்கிய இடத்தில் வைப்பதற்குப் பல் செய்து தருகிறவள். ஒன்றரையில் ஒரு சிறிய ஊர். இளவட்டங்கள் எல்லாம் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டன. ஊரில் மிஞ்சியவர்கள் வயதானவர்கள், அவர்களுடைய பொக்கை வாய்கள். பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், பல் செய்ய ஆள் இல்லை. அவர் எங்கெங்கோ சொல்லிப் பார்த்தும் வருகிறேன் என்றது இவள் ஒருத்திதான்.

"நூத்துக்கு ஒண்ணரை பேர்தாம்மா அங்க வெளியில இருந்து வந்தவங்க. ஒண்ணரை" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் சதவீதம்.

"அந்த அரை ஆள் யாருப்பா? அவரை நான் பார்த்தே ஆகணும்" என்றாள் மகள்.

சிரிக்கிற விஷயமா இது என்று அவர் கத்தினார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மனைவி மகள் பக்கம் சாய்ந்துவிட்டாள். அப்புறம் என்ன, ஸ்டேஷனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் இவர்தான்.

ஒரு வருஷம் ஓடியது. ஃபோனில் பேசும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னாள். எந்தப் பிள்ளைதான் தூரத்தில் இருந்துகொண்டு நன்றாக இல்லை என்று சொல்லியிருக்கிறது? பெரியவனைப் பற்றி அவருக்கு ஒரு நாளும் கவலை இருந்ததில்லை. எண்பத்தெட்டில் இருக்கிறான், அவனைப் போல வந்தவர்கள்தான் ஊர் முழுக்க, எள் போட இடமில்லாமல் கூட்டம். அவனுக்கென்ன குறை? இவள் கதை வேறு. மெய்ப்புத் தாளில் அந்த நாட்டைப் பார்க்கும்போதெல்லாம் வெள்ளையாக, யாருமே இல்லாத இடம் போலத் தெரிந்தது. 

புதுப் பதிப்பு வந்த சமயம்தான் அவர் அந்த வேலையைச் செய்தார். எதிர்ப் பக்கத்தில் ஒன்றரை என்று இருக்கிறது. இவர் திருத்தத் தாளில் அந்த நாட்டுக்கு ஒரு படி மேலே உள்ள நீலத்தைக் குறித்துவிட்டார். வேண்டுமென்றேதான். அந்த வெள்ளையைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். உலகத்தில் எந்தத் தகப்பனும் மகளுக்குப் பணம் அனுப்புவான், துணி அனுப்புவான். இவர் சாயம் அனுப்பினார்.

முதலாளியம்மா கண்ணில் அது படாமல் இருக்குமா? தாளைக் கொண்டுவந்து இவர் மேஜையில் போட்டார்.

"இத்தனை வருஷத்துல உங்க தாள்ல நான் ஒரு தப்பைப் பார்த்ததில்லை. என்ன ஆச்சு?"

"அங்க என் பொண்ணு இருக்கா" என்றார் சதவீதம்.

முதலாளியம்மா தாளை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "பழையபடி வெள்ளையாக்கிட்டு, லீவு போட்டுட்டுக் கிளம்புங்க. நீங்க இப்படி உட்கார்ந்து சாயம் பார்த்தா என் அட்லஸ் உருப்படாது" என்றார்.

அவருக்கு அது போதும். அன்றைக்கே பெரியவனிடம் பேசினார். அவன் இருக்கிற ஊரில் பல் செய்கிற பெரிய கூடம் ஒன்று இருக்கிறதாம், தங்கச்சிக்கு அங்கே இடம் கேட்டு வைத்திருக்கிறானாம். அடுத்த வாரக் கடைசிக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வர இரண்டு டிக்கெட்டாகப் போட்டுவிட்டு மகளை ஃபோனில் கூப்பிட்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"சரி வாங்க. ஒரு வாரம் இருங்க. எல்லாத்தையும் பாருங்க. பார்த்துட்டு நீங்க ‘கிளம்பு’ன்னு சொன்னா, மறுபேச்சு இல்லாம பெட்டியைக் கட்டறேன். ‘இரு’ன்னு சொன்னா, அப்புறம் இந்த ஜென்மத்துல அந்த நம்பர் பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார். ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ரயிலை விட்டு இறங்கி, மகளைக் கட்டிக்கொண்டு நிமிர்கிறார், நடைமேடையில் நின்ற ஒரு பெரியவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர், வாயை அகலத் திறந்து அத்தனை பல்லையும் காட்டினார். இவர் திடுக்கிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்தால், தபால் பையோடு போன அம்மாள் சைக்கிளை நிறுத்திப் பல்லைக் காட்டினாள். ரொட்டிக் கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, மேல் பல்லை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். தெருமுனை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்கள் ஒரே நேரத்தில் ஈ என்றார்கள். ஒருவர் பல் செட்டைக் கழற்றியே காட்டப் போனார், மற்றவர் தடுத்துவிட்டார்.

சதவீதத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, வந்து இறங்கினவனைப் பார்த்து இப்படித்தான் கேலி பண்ணுவாங்களா இங்க?"

மகள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேலி இல்லப்பா. அதெல்லாம் நான் செஞ்ச பல்லு. அப்பா வர்றாருன்னு டாக்டர் ஊர் பூரா சொல்லி வெச்சிருக்காரு. உங்ககிட்ட காட்டறாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுப்பாரா? "பல்லு வேற, பழக்கம் வேற" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். வழியெல்லாம் அவர் கண் தேடியது ஒன்றைத்தான். வெளியிலிருந்து வந்த முகம் ஒன்றாவது தட்டுப்படுகிறதா? ஒன்றும் இல்லை. அந்த ஊரில் வேறு நாட்டில் பிறந்த ஆள் அதுவரை சின்னவள் ஒருத்திதான். இவர் வந்து இறங்கியதில் அன்றைக்கு ஊரின் பங்கு இரட்டிப்பாகிவிட்டது.

மறுநாள் காலை அவளுடைய வேலையிடத்துக்குப் போனார். டாக்டரின் வீட்டுக்குக் கீழே ஒரு நீண்ட அறை. ஜன்னலோரமாக மேஜை. சுவர் அலமாரி முழுக்க ஊராரின் வாய்கள், அதாவது வாயில் அச்செடுத்து வார்த்த பிளாஸ்டர் தாடைகள், வரிசையாக. மேஜையில் சின்னத் தூரிகைகள், பீங்கான் பொடிக் கிண்ணங்கள், மெழுகு, கைக்கு அடக்கமான ஒரு சூளை. அவளுக்குத் தெரியாமல் வாசலிலேயே நின்று பார்க்கலாம் என்று நின்றார்.

அவள் ஒரு தாடையை ஒரு கையிலும் அதற்கு எதிர்த் தாடையை மறு கையிலும் எடுத்து, கடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என்ன தாத்தா, இடது பக்கம் இடிக்குதா? கொஞ்சம் பொறுங்க. நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?" தாடையை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். "நீங்க வாயை மூடுங்க பாட்டிம்மா, உங்க முறை வரட்டும்."

"யாருகிட்டம்மா பேசறே?"

அவள் திரும்பினாள். கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தாள். "இவங்ககிட்டதான். தமிழ் கேக்கறதுக்கு இங்க வேற யார் இருக்கா?"

சும்மா சொன்னதுதான். ஆனால் அவருக்கு அது சும்மாவாகப் படவில்லை. பெற்ற பிள்ளை பிளாஸ்டரோடு பேசிக்கொண்டிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லு. அழுதியா நீ இங்க வந்து?"

அவள் பொய் சொல்லவில்லை. "அழுதேம்ப்பா. முதல் குளிர்காலம் பூரா. இங்க உட்கார்ந்து பல்லைத் தேய்ச்சுக்கிட்டே அழுவேன். இப்ப இல்ல."

‘இப்ப இல்ல’ என்றது அவர் காதில் ஏறவே இல்லை. முடிவு பண்ணிவிட்டார். இன்னும் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது? இவளை இங்கே இனி ஒரு நாள் விட்டு வைக்கக் கூடாது. சாயந்திரம் சாப்பிடும்போது சொல்லிவிடுவது.

சாயந்திரமும் வந்தது. அவள் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் மாடி. கீழே வீட்டுக்கார அம்மாள், மேலே இவள். சிறிய மேஜையில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டில் கை வைக்காமல் காத்திருந்தாள். சொல்லப் போகிற சொல் அவருடைய நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு வாய் விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று கையிலிருந்த ரொட்டியின் காய்ந்த ஓரத்தை ஒரு கடி கடித்தார்.

டொக்.

இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் மெதுவாக வாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். முன்பல்லில் பாதி உள்ளங்கையில் கிடந்தது.

"காட்டுங்க" என்றாள் சின்னவள். அவளுடைய குரலே மாறிப்போயிருந்தது. மகள் போய்ப் பல்காரி வந்துவிட்டாள். விளக்கை இழுத்து அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். "வேர் நல்லா இருக்கு. மேல கேப் போட்டுடலாம். அசையாதீங்க. எதையும் பேசாதீங்க."

எதையும் பேசாதீங்க என்றதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். கெட்டிக்காரி.

காலையில் டாக்டர் மிச்சப் பல்லைத் தேய்த்து, அச்செடுத்து, தற்காலிகமாக ஏதோ ஒன்றை அப்பி அனுப்பினார். அதை வைத்துக் கடிக்கக் கூடாது, மென்றதெல்லாம் போதும், குடிப்பது மட்டும்தான் என்று உத்தரவு. வாயைக் கையால் மூடிக்கொண்டு மாடியேறி வந்து, அவர் சோபாவில் சுருண்டார். வந்த இடத்தில் இப்படி ஆயிற்றே என்று அவமானம் பிடுங்கித் தின்றது. மகள் வேலைக்குப் போய்விட்டாள்.

கதவைத் தட்டுகிற சத்தம். வீட்டுக்கார அம்மாள். கையில் மூடி போட்ட பாத்திரம், திறந்தால் ஆவி பறக்கும் சூப். தன் வாயைக் காட்டினாள், இவர் வாயைக் காட்டினாள், தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் அனுதாபம் எந்தப் பாஷையில் இருந்தாலும் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. நன்றி என்று தமிழிலேயே சொன்னார்.

அந்தப் பாத்திரத்தை வைத்துவிட்டு உட்காரவில்லை, மறுபடி தட்டல். தபால்கார அம்மாள். அவளும் சூப். அடுத்து ரொட்டிக் கடைக்காரர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பல்லை உடைத்தது அவர் கடை ரொட்டியாயிற்றே. ஓரமெல்லாம் வெட்டி எடுத்த, பஞ்சு மாதிரி ரொட்டி ஒரு பை நிறைய. பெஞ்சுக் கிழவர்கள் சேர்ந்து வந்தார்கள், ஒருவர் கையில் பாத்திரம், மற்றவர் கையில் கரண்டி. மத்தியானத்துக்குள் சமையல் மேடையில் இடமில்லை, ஜன்னல் விளிம்பிலும் பாத்திரங்கள் ஏறிவிட்டன.

மகள் வந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, கடை வெச்சிடலாம் போலிருக்கே" என்றாள்.

"இவங்களுக்கெல்லாம் எப்படிம்மா தெரிஞ்சுது? நான் யாருகிட்டயும் வாயே திறக்கலையே."

"நீங்க டாக்டர் வீட்டுப் படி இறங்கறதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். இங்க வெளியூர் ஆள்னு இருக்கறது நம்ம ரெண்டு பேர்தான். வேற யாரைப் பத்திப் பேசுவாங்க? முதல் குளிர்காலத்துல எனக்குச் சளி பிடிச்சா, நான் தும்மறதுக்கு முன்னாடி இந்தம்மா கஷாயத்தோட படியேறி வந்துடுவாங்க. முதல்ல எரிச்சலா வந்துது. என்னடா இது, ஒரு தும்மல்கூட எனக்குன்னு இல்லையான்னு. அப்புறம் பழகிடுச்சு."

சதவீதம் கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். யாரிடமும், மனைவியிடம்கூடச் சரியாகச் சொல்லாத ஒன்று அவருக்கு நினைவுக்கு வந்தது. வீடு இருக்கிற நாடு இன்னும் நான்காக இருந்த காலத்தில், மனைவி வருவதற்கும் இந்தப் பெண் பிறப்பதற்கும் முன்னால், தனியாள் அவர். வாடகை அறையில் காய்ச்சலில் விழுந்தார். தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள், இவர் எழுந்து தட்டக்கூட முடியாமல் கிடந்தார். காய்ச்சல் விட்டுத் தெருவில் இறங்கியபோது, அவர் இத்தனை நாள் காணாமல் போயிருந்தது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு மனதில் விழுந்ததுதான் இந்தக் கணக்கு. நம்மைப் போன்றவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் என்று வாழ்நாள் பூரா எண்ணிக்கொண்டே இருந்துவிட்டார்.

மகளிடம் அதைச் சொன்னார், முழுதாகச் சொன்னார். கண் கலங்கிவிட்டது. அவளும் கலங்கினாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டு வீட்டுச் சூப்பைக் குடித்தார்கள். தபால்கார அம்மாளின் சூப்பில் உப்புத் தூக்கல் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் பல்லுக்கு நிறம் பார்க்க வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பட்டையில் கோத்த மாதிரிப் பற்களை எடுத்து ஒவ்வொன்றாக அவர் பல்லருகே பிடித்தாள்.

"எனக்கே நிறம் பார்க்கச் சொல்லித் தர்றியா? தொழில்டி எனக்கு இது. அந்த முதல் பல்லு போடு, நல்ல வெள்ளை."

"அது சினிமா நடிகருக்குப் போடற வெள்ளை. உங்க வாய்ல வெச்சா, இருட்டுலகூடத் தனியாத் தெரியும். வெள்ளையில மட்டும் இந்தப் பட்டையில பதினாறு இருக்குப்பா. உங்களுது எதுன்னு கண்டுபிடிக்கணும்."

"பதினாறா? எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."

"உங்க லென்ஸை எடுங்க."

சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். வைத்துப் பார்த்தார். ஒரு வெள்ளைக்குள் மஞ்சள் ஓடியது. இன்னொன்றில் சாம்பல். ஒன்றின் அடியில் ஈறின் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது, ஒன்றின் நுனி கண்ணாடி போல வெளிச்சத்தை உள்ளே விட்டது. இத்தனை வருஷமாக வெள்ளையைக் கண்டால், அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று லென்ஸை அடுத்த நாட்டுக்கு நகர்த்திவிடுகிற மனுஷன், அன்றைக்கு ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அப்பாவும் மகளும் ஒன்பதாவதா பத்தாவதா என்று வெகு நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் பத்து என்றார். சதவீதம் சொன்னது பத்துதான். அதற்கு அவர் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

பீங்கான் பொடியைக் குழைத்து, படலம் படலமாகத் தூரிகையால் ஏற்றி, சூளையில் வைத்து எடுத்து, மறுபடி ஏற்றி, இரண்டு நாள் அவள் அந்தப் பல்லோடு மாரடித்தாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். பல்லைப் பொருத்திக்கொண்டு தெருவில் இறங்கிய அன்று, பெஞ்சுக் கிழவர்கள் வழக்கம்போல ஈ என்றார்கள். இவரும் நின்று, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஈ என்றார். அவர்கள் எழுந்து வந்து உற்றுப் பார்த்து, எது புதுப் பல் என்று தெரியாமல் தப்பான பல்லைத் தட்டிக் காட்டினார்கள். சின்னவளுக்கு அதைவிட வேறு பரிசு வேண்டாம்.

வாரக் கடைசியில் பெரியவன் கூப்பிட்டான். ஃபோன் மேஜையில் அதிர்ந்தது. எதிரே சின்னவள், கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, காதை இங்கே வைத்துக்கொண்டு. ஒரு வாரமாக அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"என்னப்பா, தங்கச்சி வர்றாளா? கூடத்துல கேக்கறாங்க."

"வரலைடா. அவ இங்கயே இருக்கட்டும்."

மடித்த துணி கீழே விழுந்தது. சின்னவள் எடுக்கவில்லை. எழுந்து வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர் வழுக்கைத் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அவர் ஒரு கையால் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்கதானேப்பா ஒண்ணரை, ஒண்ணரைன்னு..." என்று ஆரம்பித்த பெரியவன் இருமினான். ஒரு தடவை இல்லை, நெஞ்சிலிருந்து கிளம்பி, நிற்காமல்.

சதவீதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னடா இருமல்?"

"ஒண்ணுமில்லப்பா. நாலஞ்சு நாளா இருக்கு. காய்ச்சலும் லேசா. சரியாயிடும்."

"யாருடா பார்த்துக்கறா உன்னை?"

"யாராவது..." என்றான். பிறகு சிரித்தான். "ரூம்ல ஆறு பேர் இருக்கோம்ப்பா. ஆளுக்கொரு ஷிஃப்ட். ஒருத்தன் வரும்போது ஒருத்தன் தூங்குவான். நான் காய்ச்சல்ல படுத்திருந்தாலும் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கறேன்னு நெனச்சுப்பாங்க. நல்லவங்கதான். பாவம், அவங்களும் அப்படித்தான் கெடக்கறாங்க."

 கறுப்பு என்று சொல்லும்படி அழுத்தமான அந்த நீலத்தை எத்தனை தடவை திருப்தியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதன் மேல் லென்ஸை வைத்து ஒரு நாளாவது இந்தப் பிள்ளையைத் தேடியிருக்கிறாரா?

"பெரியவனே."

"சொல்லுங்கப்பா."

"தண்ணியை நிறையக் குடி. கூட இருக்கற பையன் ஒருத்தனை எழுப்பிச் சொல்லு, காய்ச்சல்னு. கூச்சப்படாதே. நான் வர்றேன்."

"எங்கப்பா?"

"அங்கதான்டா."

ஃபோனை வைத்ததும் மகளிடம் டிக்கெட்டை மாற்றச் சொன்னார். இரண்டு டிக்கெட்டில் ஒன்று வேண்டாம், மற்றது வீட்டுக்கு வேண்டாம், நேரே அவனிடம். மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "நானும் நேரா அங்க வந்துடறேங்க" என்று அந்த அம்மாள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "முதல்ல நான் போய்ப் பார்த்துட்டு இடம் புடிச்சு வைக்கறேன், ஆறு பேர் இருக்கற ரூம்" என்றார் இவர்.

பிறகு மகளை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, வீட்டுக்கார அம்மாளின் கதவைத் தட்டினார். பெரியவனுக்கு வைத்துக் கொடுக்க, அந்தச் சூப்பை எப்படி வைப்பது என்று கேட்டுச் சொல் என்றார். மனைவி வந்த பிறகு வெந்நீர்கூட வைத்தறியாதவர். அந்த அம்மாள் ஒரு துணியை எடுத்து அவர் இடுப்பில் கட்டிவிட்டு, கையில் கத்தியைக் கொடுத்தாள். வெங்காயம் அரியும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த அம்மாள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே அரிந்தார்.

பெரிய பானையை எடுத்து அடுப்பில் வைத்த அந்த அம்மாள், எத்தனை பேருக்கு என்று விரல்களைக் காட்டிக் கேட்டாள். மகள் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள், அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்த அறையில் இருக்கிற ஆறு பேரையும் தன்னையும் சேர்த்து, ஏழு விரலைக் காட்டினார்.